வாசகர் கேள்வி: பிள்ளைகளோட ஊக்கத்த ஆராய்ச்சி பண்றது எப்படி?

கேள்வி: வணக்கம் மேடம். தேவகோட்டை பக்கம் உதவிபெறும் ஸ்கூல்ல ஒன்பதாம் வகுப்புக்கு கணக்கு எடுக்குறேன், பார்ட் டைம்ல பிஹெச்.டி பதிஞ்சிருக்கேன். மாணவர்களோட கற்றல் ஊக்கமும் மதிப்பெண்ணும்னு டாபிக். 300 பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் குடுத்து மார்க்கோட கோரிலேஷன் (ரெண்டும் சேந்து ஏறி எறங்குதான்னு பாக்குற கணக்கு) போட்டா முடிஞ்சுதுன்னு சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. எட்டாவதுல துறுதுறுன்னு கை தூக்குன பிள்ளைங்க ஒன்பதாவது வந்ததும் வாயே தொறக்குறதில்ல. இத எப்படி ஆராய்ச்சிக்குள்ள கொண்டு வர்றது?
- ஒரு ஆசிரியை, தேவகோட்டை

பதில்: டீச்சர், உங்க மனசு எதுக்கு ஒப்பலயோ அதுதான் உங்க டாபிக், விட்டுறாதீங்க. ஊக்கம் இருக்குற பிள்ள மார்க் எடுக்கும்னு சொல்ல இன்னொரு தீசிஸ் வேண்டாம், இந்திய பிஹெச்.டி ஆய்வேடுகள சேத்து வச்சிருக்குற சோத்கங்கா வெப்சைட்ல தேடுனீங்கன்னா அந்த மாதிரி நெறய கெடைக்கும். அதே பிள்ள ஒரு டீச்சர் கிளாஸ்ல துள்ளுது, அடுத்த பீரியட்ல தலையக் கவுத்துக்குது, அப்ப ஊக்கம் பிள்ளைக்குள்ள மட்டுமா இருக்கு?

டெசி, ரயன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இதத்தான் பிடிச்சாங்க. எவ்வளவு ஊக்கம்னு மட்டும் பாக்காம எந்த மாதிரி ஊக்கம்னு பாக்கணும்னாங்க. அடிக்குப் பயந்து படிக்கிறதும், அப்பா பேரக் காப்பாத்தப் படிக்கிறதும், கணக்கு பிடிச்சுப்போய் போடுறதும் ஒண்ணு இல்ல, மார்க் ஒரே மாதிரி வந்தாலும். நம்மளா செய்றோம்ங்கிற உணர்வு, நம்மளால முடியும்ங்கிற உணர்வு, நமக்கு ஆள் இருக்குங்கிற உணர்வு, இந்த மூணும் கெடைக்கிற எடத்துல உள்ளூக்கம், அதாவது உள்ளேர்ந்து தானா வர்ற ஊக்கம், வளரும்ங்கிறது அவங்க கோட்பாடு. 1973-ல லெப்பர்ங்கிற அமெரிக்க உளவியல் அறிஞரோட குழு செஞ்ச சோதனையயும் அவசியம் படிங்க. படம் வரையப் பிடிச்ச நர்சரி பிள்ளைங்கள்ல ஒரு குழுவுக்கு, வரைஞ்சா சான்றிதழ் உண்டுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா மத்த குழுவ விட அந்தக் குழு பாதி நேரம்தான் வரையுது. சொல்லாம திடீர்னு சான்றிதழ் வாங்குன பிள்ளைங்களுக்கு அப்படி ஆகல.

இப்ப உங்க கேள்விக்கு வாங்க. பத்தாவது வரப்போகுதுன்னு ஒன்பதுலயே ஸ்லிப் டெஸ்ட், ரேங்க், திட்டுன்னு ஆரம்பிச்சுட்டோமா, அதுல அந்த மூணு உணர்வுல எது அடிபடுது? இதத் தேட ஒரே நாள்ல 300 பேர்கிட்ட டிக் வாங்குறது பத்தாது. எட்டாவது கடைசி, ஒன்பதாவது நடு, ஒன்பதாவது கடைசின்னு அதே பிள்ளைங்கள மூணு தடவ பாருங்க, சாம்பிள் கொறஞ்சாலும் பரவால்ல, நடுவுல வகுப்புல உக்காந்து கவனிக்கிறதும் சில பிள்ளைங்களோட உக்காந்து பேசுறதும் வேணும்.

முக்கியமா ஒண்ணு, உங்க கிளாஸ் பிள்ளைகளுக்கு நீங்களே தாள் குடுக்காதீங்க. எனக்கு கணக்கு ரொம்ப பிடிக்கும்னுதான் எழுதும், டீச்சர் மனசு நோகக்கூடாதுல்ல! காரைக்குடி, கல்லல், சாக்கோட்டை பக்கம் வேற ஸ்கூல்கள்ல எடுங்க, பேருக்குப் பதிலா கோட் நம்பர் போடுங்க, பெத்தவங்க சம்மதத்தயும் கல்வி அலுவலக அனுமதியயும் மொதல்லயே வாங்கிருங்க. வல்லெராண்ட்ங்கிற கனடா உளவியல் அறிஞரோட குழு செஞ்ச 28 கேள்வி ஸ்கேல், அதாவது ஊக்கத்த அளக்குற கேள்வித்தாள், ஒண்ணு இருக்கு, 1992-ல இங்கிலீஷ்ல வந்தது, அதுல ஊக்கத்த வகை வகையாப் பிரிச்சு அளக்கலாம். ஆனா அது கனடாவுல உருவானது, அப்படியே தமிழாக்கி நீட்டாம மொதல்ல கொஞ்சம் பிள்ளைங்ககிட்ட குடுத்து பைலட் பண்ணி எந்தக் கேள்வி நம்ம பிள்ளைக்கு ஒட்டலன்னு பாருங்க.

நாளாகுமேன்னு பயப்படாதீங்க, 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஹெச்.டி முடிக்க ஆறு வருஷம் இருக்கு, பெண்களுக்கு கூடுதலா ரெண்டு வருஷம் வரைக்கும் குடுக்கலாம். கைடுகிட்ட இத ரெண்டு பக்கத்துல எழுதிக் கொண்டுபோய் பேசுங்க, வாயால சொன்னா நிக்காது.

கேள்வி: பேரன் பத்தாவது. 450 எடுத்தா போன் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன், தப்பா?
- ஒரு ஆச்சி, கோட்டையூர்

பதில்: சொன்ன சொல்ல மாத்தாதீங்க ஆச்சி, எடுத்தா வாங்கிக் குடுத்துருங்க. ஆனா அடுத்த பரீட்சைக்கு இன்னொண்ணுன்னு பேரம் வளர விடாதீங்க, சாயங்காலம் பக்கத்துல உக்கார வச்சு இன்னைக்கு என்னப்பா படிச்ச, எனக்குச் சொல்லிக் குடுன்னு கேளுங்க, தெரிஞ்சத ஆச்சிக்குச் சொல்றதுல அவனுக்கே ஒரு பிடிப்பு வந்துரும்.