சீசன் ஓய்ந்த மாதங்களுக்கு என்ன வழி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மறையூரில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மூணாறுக்குக் கூட்டம் வந்தால்தான் எங்களுக்கு வருமானம். அண்ணன் நிலத்தில் கரும்பு நிற்கிறது. வாசலிலேயே வெல்லக் கடை போட்டால் மழை மாதங்களைச் சமாளிக்கலாமா?
– வாசகி, மறையூர்

பதில்: கரும்பு நல்ல யோசனை. ஆனால் வாசல் கடையை மட்டும் நம்பாதீர்கள். அறைக்கு ஆள் வராத நாளில் கடைக்கும் ஆள் வராது. 2018 குறிஞ்சி பூக்கும் ஆண்டு. ஊரே காத்திருந்த நேரத்தில் ஆகஸ்ட் வெள்ளம் வந்து, மூணாறு–மறையூர் சாலையில் பெரியவரைப் பாலம் உடைந்தது. வழி அப்படி அறுந்துபோனால் வாடகையும் வாசல் வியாபாரமும் சேர்ந்தே நின்றுவிடும். உங்கள் வெல்லம் வெளியூர் போக வேண்டும். அதற்கு முதலில் அது மழைக்காலத்தில் கசியாமல் இருக்க வேண்டும்.

ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 100 கிலோ வெல்லம் கிடைக்கும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிடுங்கள். கிடக்கக் கிடக்க அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறும். அந்த வெல்லம் இறுகாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். வெல்லம் இளகினால் எல்லோரும் பதத்தைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் தவறு கரும்பை வெட்டிப் போட்டுவைத்த அன்றே நடந்திருக்கும்.

கொப்பரையில் சாறு சூடேறும்போது அழுக்கு நுரை மேலே திரளும். கொதி வருவதற்குள் அதை வாரிவிடுங்கள். கொதித்த பிறகு சாற்றோடு கலந்துவிடும். சுண்ணாம்புத் தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சாற்றின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை 6.2–6.5க்குள் நிறுத்துங்கள். பார்ப்பதற்கு பி.எச். தாள் போதும். சுண்ணாம்பு கூடினால் நிறமும் கறுக்கும், சுவையும் கெடும்.

உருண்டை வெல்லத்துக்குச் சமவெளியில் சொல்லும் பதம் 116–118 டிகிரி செல்சியஸ். மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே 97 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ஆகவே 3 டிகிரி கழித்து 113–115இல் இறக்குங்கள். சமவெளிக் கணக்கில் விட்டால் பாகு முறுகிவிடும். வெப்பமானியோடு கைப்பதமும் பாருங்கள்: ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் விரலுக்குள் உருண்டு வர வேண்டும், அந்த உருண்டையை விளிம்பில் தட்டினால் ‘டண்’ என்று கேட்க வேண்டும். சப்பென்று ஒட்டினால் இன்னும் நீர் வற்றவில்லை.

வெளுப்புக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போடவே வேண்டாம். அடர் பழுப்பு நிறம்தான் மறையூர் வெல்லத்தின் அடையாளம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை முறைப்படி பயன்படுத்த, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்துகொள்ளுங்கள். சமவெளி வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்பவர்களால் உங்கள் விலை அடிபடுகிறது; இந்தப் பதிவு இல்லாமல் அவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது.

யாரிடம் விற்பது? ஓணத்துக்குச் சர்க்கரை உப்பேரி (வெல்லப்பாகு பூசிய நேந்திரங்காய் வறுவல்) போடுகிறவர்கள், பொங்கலுக்கு உடுமலை, பழனிக் கடைக்காரர்கள். இரண்டும் பண்டிகை வியாபாரம். அரிஷ்டமும் லேகியமும் காய்ச்சும் ஆயுர்வேத மருந்துக் கூடங்களுக்கு ஆண்டு முழுக்க வெல்லம் தேவை. முதலில் அவர்களைப் பிடியுங்கள். ஒரே கொப்பரையில் எடுத்த ஐந்து கிலோவை மாதிரியாகக் கொடுங்கள். ஈரப்பதம் 7 சதவீதத்துக்குள் இருக்கிறது என்ற ஆய்வக முடிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: குமுளியில் தேக்கடி பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறேன். கையிலிருக்கும் பணத்தை ஏலத்தோட்டத்தில் போடலாமா?
– வாசகர், குமுளி

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள். ஏலக்காய் 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. புதுச்செடி காய்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது ஜீப். பயணிகள் குறையும் மழை மாதங்களில்தான் காய் எடுப்பு தொடங்கும். கம்பத்திலிருந்து மெட்டு ஏறிவரும் தொழிலாளர்களைத் தோட்டத்துக்கு ஏற்றி இறக்கவும், பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோகவும் வண்டி வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஸ்டோருக்கு எவ்வளவு சுமை போகும் என்று இதிலேயே தெரியும். பேசும்போது நாள் வாடகை பேசாதீர்கள், எடுப்புக்கு எடுப்பு, அதாவது காய் பறிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் பேசுங்கள். மழையால் வேலை நின்ற நாளுக்கு என்ன கூலி என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். ஆளேற்ற உங்கள் பர்மிட்டும் இன்சூரன்ஸும் இடம் தருகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.