உரியும் சோபா, பட்டைத் தோல் பை, பூஞ்சை பிடித்த பெல்ட்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தோல் சாமான் பற்றியவை. டர்பனில் கோடை மழை ஓயும் சமயம் எப்போதும் இப்படித்தான், அலமாரியைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாரும் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, ஒரேயடியாகப் பேசிவிடலாம்.

கேள்வி: அண்ணா, மூன்று வருஷத்துக்கு முன்னால் லெதர் சோபா என்று சொல்லி நல்ல விலைக்கு வாங்கினோம். இப்போது உட்காரும் இடமும் தலை சாய்க்கும் இடமும் செதில் செதிலாக உரிந்து, கீழே வெள்ளைத் துணி தெரிகிறது. கடையில் கேட்டால் நீங்கள் லெதர் கிரீம் தடவவில்லை, அதனால்தான் என்கிறார்கள். உண்மையா? (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை)

பதில்: இல்லைம்மா. கீழே வெள்ளைத் துணி தெரிகிறது என்று நீயே எழுதிவிட்டாய், விஷயம் அதோடு முடிந்தது. சோபாவுக்குப் போடும் முழுத் தோலுக்குப் பின்னால் துணி ஒட்டியிருக்காது. நல்ல தோல் தேயும், வெடிக்கும், வெளுக்கும், ஆனால் செதிலாக உரிந்து துணியைக் காட்டாது. நீ வாங்கியது துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியது, அதாவது நம் ஊர்க்காரர்கள் ரெக்சின் என்று சொல்வதன் புது வடிவம். இல்லாவிட்டால் 'பாண்டட் லெதர்': தோல் வெட்டும்போது விழும் துண்டு துணுக்கை அரைத்து, பசை சேர்த்து, துணி மேல் தகடாக்கி, அதற்கு மேலே பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். மரத்துக்கும் சிப்போர்டுக்கும் உள்ள உறவுதான் தோலுக்கும் இதற்கும்.

ஏன் மூன்று வருஷத்தில் போனது? மலிவான பாலியூரித்தேன் பூச்சில் பெரும்பாலும் எஸ்டர் என்ற ரசாயனப் பிணைப்புகள் இருக்கும், அவற்றைத் தண்ணீர் உடைக்கும். தண்ணீர் என்றால் மேலே ஊற்ற வேண்டும் என்பதில்லை, காற்றில் உள்ள ஈரமே போதும், வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும், அப்புறம் தலையெண்ணெயும் வியர்வையும் படுகிற இடம் முதலில் போகும். டர்பன் கோடை இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். இதே சோபாவை வறண்ட காற்றுள்ள ப்ளும்ஃபோன்டேய்னில் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். உள்ளே நடக்கிற இந்த உடைப்பை மேலே தடவும் கிரீம் நிறுத்தாது. ஆகவே கடைக்காரர் சொன்னது சும்மா தட்டிக்கழிக்கும் பேச்சு.

இனி பணம். நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்த்துக் கொடு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்ற மூன்றில் எது வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமையை வாங்கினவருக்கே கொடுக்கிறது (பிரிவு 56). 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் அட்டையால் அந்த உரிமை போகாது. உனக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. ஆனாலும் பிரிவு 55, பொருள் அதன் வழக்கமான உபயோகத்தில் நியாயமான காலத்துக்கு நிலைக்க வேண்டும் என்கிறது. பிரிவு 41 பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. அதனால் பில்லைத் தேடு. அதில் வெறும் 'லெதர்' என்று எழுதியிருந்தால் உன் கை ஓங்கியிருக்கிறது, 'லெதர் டச்', 'லெதர் லுக்', 'பாண்டட்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். உரிந்த இடத்தைப் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடு (வாயால் சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது), பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனிடம் (குறைகேட்பவர்) போகலாம், வாங்கினவருக்குச் செலவு இல்லை. அடுத்த தடவை வாங்கும்போது 'லெதர் அப்பர்ஸ்' என்றால் உடம்பு படும் பக்கம் மட்டும் தோல், பின்னாலும் பக்கவாட்டிலும் வேறு ஏதோ, என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் சந்தையில் ஒருவர் கைப்பை விற்கிறார். வாட்டில் மரப்பட்டையில் பதனிட்ட தோலாம், முழுக்க இயற்கையாம், குரோம் தோல் விஷம், கேன்சர் வரும் என்கிறார். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா தம்பி? (வெருலத்திலிருந்து ஓர் அக்கா)

பதில்: அக்கா, அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி வியாபாரம்.

பட்டையும் குரோமும் செய்வது ஒரே வேலைதான். மாட்டுத் தோலில் கொலாஜன் என்ற நார் இருக்கிறது, அதை அழுகாமல், சூட்டில் சுருங்காமல் பிணைத்து வைப்பதற்குப் பெயர்தான் பதனிடுதல். பட்டையில் இருக்கும் டானின் பெரிய மூலக்கூறு, மெல்லத்தான் உள்ளே போகும், நார்களுக்கு இடையே நிறைந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் பட்டைத் தோல் கனமாக, விறைப்பாக இருக்கிறது, தொட்டியில் ஊறப்போட்டால் மாதக்கணக்கும் ஆகிறது. குரோமியம் உப்பு அப்படியில்லை, சுழலும் டிரம்மில் ஒரே நாளில் ஊடுருவி நார்களை இறுகப் பிணைத்துவிடும். தோலை நனைத்துச் சூடாக்கிப் பார்த்தால் பட்டைத் தோல் 70, 80 டிகிரிக்குப் பக்கத்தில் சுருங்க ஆரம்பிக்கும், நல்ல குரோம் தோல் 100 வரைக்கும் நிற்கும். மென்மை, மழையில் நனைந்தால் தாங்குவது, விலை, எல்லாவற்றிலும் குரோமுக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. உலகத்தில் விற்கிற தோலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குரோம்தான் என்றால் சும்மா இல்லை.

விஷம் என்ற பேச்சுக்கு வருவோம். குரோமியத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதனிட உபயோகிப்பது மூன்று இணைதிறன் உள்ளது, அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆறு இணைதிறன் உள்ளதுதான் கேன்சர் வரவைப்பது, தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுப்பது. சிக்கல் என்னவென்றால், தோலை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் சரியில்லாமல் போனாலோ, அதிக வெப்பமும் வெயிலும் பட்டாலோ, மூன்றில் கொஞ்சம் ஆறாக மாறக்கூடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் உடம்பில் படும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் உச்சம் என்று கட்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் குரோம் தோலில் கொஞ்சம் பட்டைச் சாறு சேர்த்தால் அந்த மாற்றமே தடைபடுகிறது, பல தொழிற்சாலைகள் அப்படிச் செய்கின்றன, ஆகவே இரண்டும் எதிரிகள் இல்லை. உங்களுக்கு வாட்ச் வாரோ செருப்பு வாரோ பட்டு அரித்த அனுபவம் இருந்தால் குரோம் வேண்டாம். மற்றபடி கைப்பை தூக்கியதால் கேன்சர் வரும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

பயம் இருக்க வேண்டிய இடம் வேறே. உலகத்திலேயே அதிகம் குரோம் தாது தோண்டுகிற நாடு நம்முடையது. நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற டர்பன் மெரிபேங்கில், குரோமியம் ரசாயன ஆலைக்குப் பக்கத்து வீடுகளின் அடியில் நிலத்தடி நீரில் ஆறு இணைதிறக் குரோமியம் இருந்தது 2004-இல் தெரிய வந்தது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில், மூடிப் பல வருஷமான ஆலையொன்று லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் தொழிற்சாலைகள்) கழிவு பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கடுமையாகத் தீர்ப்புச் சொல்லியும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. அந்த விஷம் பையில் இல்லை, அக்கா, பை செய்த ஊரில் இருக்கிறது.

சரி, பட்டை சுத்தமா? இந்த வாட்டில் மரம் நம் நாட்டு மரமே இல்லை. வாண்டர்பிளாங்க் என்பவர் 1864-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை கொண்டுவந்து, டர்பன் இருக்கும் நேட்டாலின் கேம்பர்டவுனில் போட்டார், ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் ஏறிய முதல் கப்பல் டர்பனில் வந்து சேர்ந்து நாலே வருஷத்தில். முதலில் நிழலுக்கும் விறகுக்கும்தான், பட்டைக்கு மதிப்பு இருப்பது அப்புறம் தெரிந்தது, பிறகு நேட்டால் பட்டை உலகமெல்லாம் போனது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டுக்கொண்டிருந்த சென்னை மாகாணத் தோல் ஷாப்புகளுக்கும் போயிருக்கிறது. ஆள் அங்கிருந்து இங்கே, பட்டை இங்கிருந்து அங்கே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்கிறார்களே, அது இதே ஜாதிதான். தோட்டத்தோடு நின்றால் பரவாயில்லை, ஓடைக்கரையெல்லாம் தானாகப் பரவித் தண்ணீரைக் குடிக்கிறது. ஸ்டேங்கரில் பிறந்த காதர் அஸ்மல் தண்ணீர்த் துறை அமைச்சராக இருந்தபோது 1995-இல் தொடங்கிய அந்நிய மரம் வெட்டும் திட்டத்தில் வெட்டப்பட்டவற்றில் வாட்டிலும் உண்டு. இன்றைக்கும் அனுமதி இல்லாமல் நட முடியாது.

அப்புறம், பட்டைக் கழிவுநீரும் கறுப்பாக, சீக்கிரம் மக்காத சரக்காகத்தான் வெளியே வருகிறது. அதற்கு முன்னால் நடக்கிற உப்பிடுதல், சுண்ணாம்பில் ஊறவைத்தல், சல்ஃபைடு போட்டு மயிர் நீக்குதல் இவையெல்லாம் இரண்டுக்கும் பொதுவானவை. ஒரு டன் பச்சைத் தோல் கால் டன் தோலாக ஆவதற்குள் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற தொழிற்சாலையா என்பதுதான் பெரிய வித்தியாசம், பட்டையா குரோமா என்பது அதற்குப் பிறகுதான்.

பைக்கு வருவோம். வெட்டு விளிம்பைப் பாருங்கள். பட்டைத் தோல் குறுக்கே முழுக்கப் பழுப்பாக இருக்கும், குரோம் தோலில் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரியலாம் (சாயம் மறைத்துவிட்டால் தெரியாது). மேலே பிளாஸ்டிக் படலம் மாதிரி தனியாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மயிர்க்கால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கட்டும், ஒரே அச்சாக இருந்தால் அது இயந்திரத்தால் அழுத்திய புடைப்பு வேலை. லைட்டரால் கொளுத்திப் பார்க்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது, வேண்டவே வேண்டாம், குரோம் தோலை எரித்தால் மேலே சொன்ன ஆறு இணைதிறன் உருவாகலாம். எல்லாம் சரியாக இருந்தால், கெட்டியான பை, பெல்ட் இவற்றுக்குப் பட்டைத் தோல் அருமை, பழகப் பழக அழகு கூடும், ஆனால் மழைத்துளி பட்டால் கறை நிற்கும், நகம் பட்டால் கீறல் விழும். மூன்று மடங்கு அதிகம்தான், பேரம் பேசுங்கள். பேருந்தில் தூக்கிப் போட்டு, மழையில் நனைந்து, தினமும் அடிபடும் பை வேண்டுமென்றால் குரோம் தோலே வாங்குங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கென்று வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூ. சில வருஷம் கழித்துப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன், அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து நடந்த வழியெல்லாம் கறுப்பு. மானம் போயிற்று. போடாத ஷூ எப்படிக் கெடும்? (சாட்ஸ்வர்த்)

பதில்: ஐயா, போடாததுதான் கெடும். சோபா விஷயத்தில் சொன்ன அதே பாலியூரித்தேன், அதே ஈரம். பெட்டியை மூடி வைத்ததால் நின்றுவிடாது, உள்ளே அடைபட்ட ஈரம் அதைத் தின்றுகொண்டே இருக்கும். மேல் தோல் நன்றாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் அடி போடச் சொல்லுங்கள், புது ஷூவைவிட மலிவாக முடியும். அடுத்த தடவை ரப்பர் அடியோ, தைத்த தோல் அடியோ பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்கே எந்த அடி என்று தெரியாமல் இருக்கலாம், தூக்கினால் பஞ்சு மாதிரி எடையில்லாமல் இருந்தாலே பாலியூரித்தேன் என்றும் சொல்ல முடியாது, EVA என்ற வேறு நுரையும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: நான் சைவம், வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். கள்ளிச்செடி, அன்னாசி இலை இவற்றில் செய்த 'வீகன் லெதர்' ஷூ வாங்கலாம் என்று இருக்கிறேன். உழைக்குமா? சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? (லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி)

பதில்: உன் காரணம் உயிரைக் கொல்லக் கூடாது என்பதானால், தம்பி, யோசிக்காமல் வாங்கு, அதில் எனக்கு வாதமே இல்லை. சுற்றுச்சூழல் காரணம் என்றால் கொஞ்சம் நில். கள்ளி, அன்னாசி என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் பாலியூரித்தேன் கலந்திருக்கிறது, அது மக்காது. ஜெர்மனியில் ஃப்ரைபர்க்கில் ஃபில்க் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் தோலையும், சாதாரண ரெக்சினையும், இந்தப் புதுச் சரக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்து, மடக்கி, ஈரம் கடத்திச் சோதித்தது. சிலது சில விஷயத்தில் நன்றாக வந்தன, ஆனால் எல்லா விஷயத்திலும் தோலுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. (அந்த நிறுவனம் தோலுக்கும் பிளாஸ்டிக் துணிக்கும் வேலை செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.) இன்னொரு பக்கமும் இருக்கிறது: தோலின் கணக்கில் பெரிய பாரம் மாடு வளர்ப்பதில்தான் இருக்கிறது, மாட்டை இறைச்சிக்குத்தான் வளர்க்கிறார்கள், அந்தப் பாரத்தில் தோலுக்கு எவ்வளவு பங்கு போடுவது என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகிவிடும். அதனால் 'எங்களுடையது இத்தனை மடங்கு பசுமை' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதே. உன் இடத்தில் நான் இருந்தால் நல்ல கான்வாஸ் துணி ஷூ, ரப்பர் அடி, அவ்வளவுதான்.

கேள்வி: பெல்ட், ஜாக்கெட் எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். (டோங்காட்)

பதில்: அம்மாவிடம் தலைக்கு மட்டும் தடவச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடைத்துவிட்டு (உள்ளே துடைத்தால் அதன் வித்து வீடெல்லாம் பறக்கும்), பிறகு லேசாக ஈரமான துணியால் ஒரு தடவை துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், தோல் காய்ந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு தோலுக்கென்று விற்கும் கண்டிஷனர் மெல்லிசாகப் போதும். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்காதீர்கள், பருத்தித் துணிப் பை நல்லது, அலமாரிக் கதவை வாரத்தில் ஒரு நாளாவது திறந்து வையுங்கள். ஸ்வேட் (வெல்வெட் மாதிரி இருக்கும் தோல்) ஜாக்கெட் என்றால் ஈரத்துணியே படக் கூடாது, பிரஷ் மட்டும்.