லந்து பேசிய வெல்டர்

கேள்வி: ஸ்காட்லாந்து நகைச்சுவைக்காரர் பில்லி கானலியின் பழைய மேடைப் பேச்சு ஒன்றை மகன் செல்போனில் காட்டினான். பாதி புரியவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டேன். வெல்டராக இருந்தவர் என்கிறானே, நிஜமா?
- வாசகர், செல்லூர்

நிஜம்தான். 1942-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா வீட்டை விட்டுப் போய்விட, அத்தைமார் வளர்த்தார்கள், அடி உதைக்கும் குறைவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பழகச் சேர்ந்தார். வெல்டிங் எவ்வளவு கற்றாரோ, அங்கிருந்த மூத்த தொழிலாளிகள் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வதைக் கேட்டு அதைவிட அதிகம் கற்றுக்கொண்டார். நம்ம ஊரில் இதற்குப் பெயர் லந்து. தெப்பக்குளம் பக்கம் ஒரு பட்டறையில் கேட் செய்யக் கொடுத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்த பெரியவர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் என்னை ஓட்டிய ஓட்டில் கேட் கோணலாக வந்ததே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது!

அப்புறம் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பாடக் கிளம்பினார். 'ஹம்பிள்பம்ஸ்' என்ற நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் ஸ்காட்லாந்துப் பாடகர் ஜெர்ரி ராஃபர்ட்டியும் இவரோடு பாடினார். பாட்டுக்கு நடுவே இவர் விடும் கதை பாட்டைவிட நீண்டுபோக, 1971-ல் குழு கலைந்ததும் தனியாளாகப் பேசவே ஆரம்பித்துவிட்டார். 1975-ல் மைக்கேல் பார்க்கின்சனின் டிவி பேட்டி நிகழ்ச்சிக்குப் போய் வந்த பிறகு பிரிட்டன் முழுக்கத் தெரிந்த ஆள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் டிவிக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை, அச்சு அசல் கிளாஸ்கோ பேச்சுதான். உங்களுக்குப் பாதி புரியாமல் போனதும் அதனால்தான்.

கேள்வி: அவருக்கு ஏதோ பட்டப்பெயர் உண்டாமே? நடிப்பு எப்படி?
- வாசகி, திருமங்கலம்

'பிக் யின்'. நம்ம 'பெருசு' மாதிரி இருக்கும், ஆனால் வயதில் இல்லை, ஆளில் பெருசு. வீட்டில் அப்பா பெரிய பில்லி, மகன் சின்ன பில்லி. சின்னவர் அப்பாவையும் தாண்டி வளர்ந்துவிட, பட்டம் இவருக்கு வந்தது. நடிப்புக்கு 1997-ல் வந்த 'மிஸஸ் பிரவுன்' ஒன்று போதும். விக்டோரியா மகாராணியாக ஜூடி டென்ச், அவருடைய வேலையாள் ஜான் பிரவுனாக இவர். சிரிக்கவைக்கிற மனிதர் அதில் சும்மா நின்றே கலங்கவைக்கிறார். பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்குப் பரிந்துரையும் கிடைத்தது.

கேள்வி: இப்போதும் மேடை ஏறுகிறாரா?
- வாசகர், மேலூர்

இல்லை. 2013-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பேர் வாங்கிக் கொடுத்தவரும் பார்க்கின்சன், கையை நடுங்கவைத்ததும் பார்க்கின்சன்! அதன் பிறகும் சில வருஷம் மேடையில் பேசிவிட்டு 2018-ல் நிறுத்திக்கொண்டார். பிறந்த நாளுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பது மதுரைக்காரர்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். 2017-ல் இவருக்கு 75 வயது என்று கிளாஸ்கோவில் மூன்று கட்டடச் சுவர்களில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிதாகப் படமே வரைந்துவிட்டார்கள், அதுவும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துப்போட முடியாத படம்.