அம்புத் தண்டுக்கு எந்த மரம்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "மகன் 35 பவுண்டு இழுவிசை உள்ள மர வில்லில் பழகுகிறான். அம்பை நானே செய்து கொடுக்க ஆசை. வீடு கட்டியதில் மிஞ்சிய தேக்கு, பலாச் சட்டங்கள் கிடக்கின்றன. அது போதுமா, மூங்கில்தான் வேண்டுமா?"

பலாவை விட்டுவிடுங்கள். அதன் நார் பின்னி ஓடக்கூடியது. கதவுக்கு அழகு, 8 மில்லிமீட்டர் தண்டுக்கு ஆபத்து. தேக்கு ஆகும், ஆனால் கனம். 28 அங்குலத் தண்டு தேக்கில் ஏறக்குறைய 23 கிராம் வரும். மேல்நாட்டு வில்லாளிகள் விரும்பும் போர்ட் ஆர்ஃபோர்டு சீடர் மரத்தில் 15 கிராம்தான். கனத்த அம்பு மெதுவாகப் போகும், தூரம் கூடக்கூடச் சீக்கிரம் தாழும். கஞ்சிக்கோடு பக்கம் இயந்திரங்கள் வந்த பைன் பெட்டிப் பலகை கிடைத்தால், கணு இல்லாத துண்டாகப் பார்த்து வாங்குங்கள். பையனுக்கு நான் கொடுப்பது அதைத்தான்.

மரத்தின் பெயரைவிட முக்கியம் நாரோட்டம். பலகையின் ஓரத்தில் பேனா மையைச் சொட்டு வைத்துப் பாருங்கள். மை நாரோடு கோடாக ஓடும். அந்தக் கோடு ஓரத்துக்கு இணையாக நீண்டால் நல்ல துண்டு. ஓரத்தைத் தாண்டி இறங்கினால் அடுப்புக்கு. இன்னும் நம்பகமான வழி, அறுக்காமல் உளி வைத்துத் தட்டிப் பிளப்பது. பிளவு நார் போன வழியிலேயே போகும். ஆசாரியிடம் சொன்னால் மரம் வீணாகிறதே என்பார். ஆகட்டும். நார் குறுக்கே வெளியேறிய தண்டு நாண் விட்ட கணத்தில் முறிந்தால், சிலாம்பு பாய்வது வில் பிடித்த கையில்.

மூங்கிலில் உள்ளே கெட்டியான கல் மூங்கில்தான் வேண்டும். 3 வயதுக்குக் குறைந்தது வேண்டாம். மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, பிளந்து இழைக்க வேண்டும். வளைவைத் தணலில் காட்டி நிமிர்த்தலாம். பொறுமை உள்ளவர்களுக்கு மரத்தைவிட இதுவே நீடித்து உழைக்கும்.

அப்புறம் விறைப்பு. 66 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிமேல் தண்டை வைத்து, நடுவில் 900 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். 35 பவுண்டு வில்லுக்கு 19 மில்லிமீட்டர் அளவில் தொய்ய வேண்டும். அதிகம் தொய்ந்தால் வலக்கைக்காரர் அம்பு வலப்பக்கம் விலகும். குறைவாகத் தொய்ந்தால் இடப்பக்கம். விறைப்பான தண்டை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். தொய்வானதைத் தேய்த்து விறைப்பாக்க முடியாது. அதனால் தடிமனாகவே தொடங்குங்கள்.

மரத்தண்டில் நாண் பதியும் வெட்டை ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்கே போடுங்கள். கோடுகளோடு போட்டால் நாண் தண்டைப் பிளந்துவிடும். ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் தண்டைக் காதருகே மெல்ல வளைத்துக் கேட்கப் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். 'டிக்' என்று கேட்டால் அங்கேயே ஒடித்துப் போடச் சொல்லுங்கள்.