மேலாளருக்கே 403 ஏன்?

கேள்வி: ஏஎஸ்பி.நெட் கோரில் வெப் சர்வீஸ் எழுதுகிறேன். பேஸ் கன்ட்ரோலரில் ஒரு ரூட் (எந்த முகவரிக்குப் பதில் தரும் என்பது), ‘ஊழியர்’ ரோலுடன் ஒரு ஆத்தரைஸ் (யாரை உள்ளே விடலாம் என்பது) போட்டிருக்கிறேன். அதை இன்ஹெரிட் செய்து சம்பள விவரம் தரும் சைல்டு கிளாஸில் வேறு ரூட்டும், ‘மேலாளர்’ ரோலுடன் ஆத்தரைஸும் எழுதினேன். புது ரூட் வேலை செய்கிறது. ஆனால் மேலாளர் லாகின் செய்து கேட்டால் 403 (அனுமதி இல்லை) வருகிறது. சைல்டு கிளாஸில் எழுதியதுதானே செல்லும்?

பதில்: ரூட்டுக்கு அது சரி. சைல்டு கிளாஸில் ரூட் இருந்தால் ஃபிரேம்வொர்க் அதோடு நின்றுவிடும், மேலே போய்த் தேடாது. ஆத்தரைஸ் அப்படி இல்லை. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் தாண்டினால்தான் உள்ளே விடும். உங்கள் மேலாளரிடம் ‘ஊழியர்’ ரோல் இல்லை, அதனால்தான் 403.

பேஸ் கிளாஸில் ரோலை எடுத்துவிட்டு வெறும் ஆத்தரைஸ் மட்டும் வையுங்கள். லாகின் செய்தவர் யாராவது வேண்டும், அவ்வளவுதான் அங்கே கேட்க வேண்டியது. எந்த ரோல் என்பதை அந்தந்த சைல்டு கிளாஸ் சொல்லட்டும். இருவரில் யார் வந்தாலும் போதும் என்றால், ஒரே ஆத்தரைஸுக்குள் இரண்டு ரோலையும் கமா போட்டு எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் மறுபடி இதே கதைதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, லாகின் இல்லாமலே யாரையும் உள்ளே விடும் அலவ்அனானிமஸ். அதை பேஸ் கிளாஸில் யாராவது போட்டுவிட்டால், சைல்டு கிளாஸில் எத்தனை ஆத்தரைஸ் எழுதினாலும் பயனில்லை. கதவு திறந்தேதான் கிடக்கும். 403 வந்தால் யாராவது புகார் சொல்வார்கள். இதில் எல்லாருக்கும் 200 (வெற்றி) வரும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கோட் ரிவியூவில் இதைப் பார்த்தால் மெர்ஜ் செய்ய நான் விடுவதே இல்லை.

ரூட், ஆத்தரைஸ் போல கோடின் மேல் ஒட்டும் குறிப்புக்கு அட்ரிபியூட் என்று பெயர். ஒரு அட்ரிபியூட் சைல்டு கிளாஸுக்குக் கீழே இறங்குமா என்பதை அந்த அட்ரிபியூட்டை உருவாக்கியவர்தான் முடிவு செய்கிறார். சி ஷார்ப்பில் இதைக் குறிக்கும் இடம் அட்ரிபியூட்யூஸேஜ்; அதில் இன்ஹெரிட்டட் என்பது எதுவும் சொல்லாவிட்டால் ட்ரூ, அதாவது இறங்கும். ஆனால் மைக்ரோசாஃப்டின் பழைய வெப் சர்வீஸ் ஃபிரேம்வொர்க்கான டபிள்யூசிஎஃப்பின் சர்வீஸ்கான்ட்ராக்ட் அட்ரிபியூட்டில் அதை ஃபால்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். ஜாவாவில் நேர்மாறு: அங்கே அட்ரிபியூட்டுக்கு இணையான அனோட்டேஷனுக்கு இன்ஹெரிட்டட் என்று தனியாகக் குறித்தால்தான் இறங்கும், அதுவும் கிளாஸிலிருந்து கிளாஸுக்கு மட்டும்; இன்டர்ஃபேஸிலிருந்து வராது. அப்புறம், ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் டோக்கன் (லாகின் செய்ததற்கான அடையாளம்) இல்லாமல் கேட்டு 401 (லாகின் தேவை) வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் இன்றே எழுதிவிடுங்கள்.