ஸ்வால்பார்டு கரையில் இறங்கி நடக்க

கேள்வி: ஜூலையில் சிறு கப்பலில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறோம். எனக்கு 62 வயது. முழங்கால் வலி உண்டு. கரையில் நடக்க முடியுமா? மலையேற்ற ஷூ வாங்கட்டுமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாக நடக்கலாம். பெரும்பாலும் வேகத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிப்பார்கள்; கூச்சப்படாமல் மெதுவான குழுவில் சேருங்கள். உங்கள் முழங்காலுக்குச் சோதனை, ஏற்றத்தைவிட ரப்பர் படகில் ஏறி இறங்குவதுதான். பையை முதுகில் மாட்டி, இரு கைகளையும் காலியாக வைத்திருங்கள். உள்ளங்கையைப் பிடிக்காமல், படகோட்டியின் முன்கையை மணிக்கட்டுக்கு மேலே பற்றுங்கள். ஈரக் கையுறை நழுவினாலும் பிடி விடாது. கரை சேர்ந்ததும் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, கால்களை வெளியே போட்டு, அலை பின்வாங்கும்போது இறங்குங்கள்.

மலையேற்ற ஷூ வேண்டாம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்தான் சரி, ஏனென்றால் இறங்குவதே தண்ணீரில். பல கப்பல்களில் இரவல் தருவார்கள். அளவை முன்பே சொல்லிவிடுங்கள். தடித்த கம்பளிக் காலுறையோடு விரல்கள் அசையும் அளவு இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் சில்லிட்டுவிடும். தண்ணீர் புகாத கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்; உள்ளே செருகினால் தண்ணீர் நேராக பூட்ஸுக்குள் இறங்கும். ஜீன்ஸ் கூடவே கூடாது: நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

கோடையிலும் அடிமண் உறைந்தே கிடப்பதால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை. ஆகவே துந்திரா எனும் மரமற்ற துருவத் தரை சொதசொதவென்றிருக்கும். பனியாற்றுக்கு அருகே உள்ள சாம்பல் நிற வண்டல் பூட்ஸையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வழிகாட்டியின் தடத்திலேயே கால் வையுங்கள். ரப்பர் பூட்ஸ் கணுக்காலைத் தாங்காது. அதற்காகவும் முழங்காலுக்காகவும் இரண்டு ஊன்றுகோல்கள் அவசியம்.

கேள்வி: படம் எடுக்கத் தனியாக நகரலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கூடாது. துருவக்கரடி எந்தப் பாறைக்குப் பின்னாலும் இருக்கலாம். துப்பாக்கியும் ஒளிவெடியும் ஏந்திய வழிகாட்டிகள் முதலில் இறங்கிச் சுற்றிப் பார்த்த பிறகே உங்களை அழைப்பார்கள். 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் விலகியிருப்பது சட்டம். கரடி தென்பட்டால் நடை ரத்து, வருந்தாதீர்கள்.

பனியாற்றின் முகப்பு நீலமாக ஒளிர்வதைப் பார்த்து நீர்விளிம்பில் நின்றுவிடாதீர்கள். பாளம் உடைந்து விழுந்தால் எழும் அலை சிறிது நேரம் கழித்தே கரையைத் தாக்கும். மேட்டில் நின்று எடுங்கள். அல்கெஃப்ஜெல்லெட் பாறைச்சுவரின் பறவைக் கூட்டத்தைப் படகிலிருந்தே பார்ப்பார்கள். அதற்கு நடையே தேவையில்லை, தொப்பி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். 1946-க்கு முற்பட்ட மனிதச் சுவடுகள், துருப்பிடித்த ஆணி உட்பட, பாதுகாக்கப்பட்டவை, தொடக்கூடாது.

கேள்வி: ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாமாமே? (வாசகர், சேலம்)

பதில்: தீவுக்கு வேண்டாம். ஆனால் அது ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்கு வெளியே உள்ளது. நார்வே வழியாகப் போய்த் திரும்பும் இந்தியர்கள் ஷெங்கனுக்குள் இரண்டு முறை நுழைகிறார்கள். ஒருமுறை நுழைவு விசா போதாது. விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவு கேளுங்கள்.