கோவையில இருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? வயசான அம்மாவைத் தனியா அனுப்பலாமா?

தாராளமா அனுப்பலாமுங்க. எங்கம்மாவை 68 வயசுல, கோபிசெட்டிபாளையத்துல இருந்து சான் பிரான்சிஸ்கோவுல இருக்கற தம்பி வீட்டுக்குத் தனியா அனுப்பி வெச்சோம். அவங்க அதுக்கு முன்னால விமானம் ஏறினதே இல்லை.

தூரத்தை முதல்ல சொல்லிடறேன். நேரா அளந்தா ஏறக்குறைய 14,200 கிலோமீட்டர். வீட்டுல உலக உருண்டை இருந்தா ரெண்டு ஊருக்கும் நூல் பிடிச்சுப் பாருங்க. திபெத், மங்கோலியா, சைபீரியான்னு வடக்கே ஏறி, அலாஸ்கா பக்கமா இறங்கும். 2021 ஜனவரியில ஏர் இந்தியாவோட பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்கு வடதுருவத்து வழியா வந்தாங்களே, அதுக்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

ஆனா கோவை விமான நிலையம் இருக்கற பீளமேட்டுல ஏறினா நேராப் போக முடியாது. சிங்கப்பூர் வழின்னா முதல்ல 3,160 கி.மீ., நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அங்கிருந்து 13,600 கி.மீ., பதினஞ்சு பதினாறு மணி நேரம். திரும்பி வர்றப்ப அதே தூரத்துக்குப் பதினேழு மணி நேரம் ஆகும். உசரத்துல மேற்கே இருந்து கிழக்கே அடிக்கிற காத்து போறப்பத் தள்ளிவிடும், வர்றப்ப எதிர்க்கும்.

எங்கம்மா போனது நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்), துபாய் வழியா. வானத்துல இருந்தது இருபது மணி நேரம்தான். கோபியில கார் ஏறி பாலக்காடு, திருச்சூர் தாண்ட ஆறு மணி நேரம், விமான நிலையத்துல மூணரை, துபாயில நாலு, சான் பிரான்சிஸ்கோவுல இறங்கி குடியேற்ற வரிசையில ஒண்ணரை. கூட்டினா 35 மணி நேரம். மொதல்ல டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், துபாயில விமானம் மாறுறதுக்கு ஒண்ணே கால் மணி நேரம்தான் விட்டிருந்தார். "சீக்கிரம் போயிரலாமுங்க"ன்னார். மொழி தெரியாத ஊர்ல அம்மா ஓடற மாதிரி நெனச்சுப் பார்த்தேன், மனசு கேக்கலை. மாத்தச் சொல்லிட்டேன். நீங்களும் மூணு மணி நேரத்துக்குக் குறைச்சு வாங்காதீங்க. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா இருக்கட்டும். அப்பத்தான் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததுல ஏத்திவிடற பொறுப்பு விமான நிறுவனத்தோடது. தனித்தனியா வாங்கினா மிச்சமாகற பணம் பெருசில்லீங்க.

சக்கர நாற்காலி வேணும்னு பதிவு செய்யறப்பவே சொல்லிடுங்க, தனிக் காசு கிடையாது. நல்லா நடக்கறவங்கன்னாலும் கேளுங்க. தள்ளிட்டுப் போறவரே அடுத்த வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுவார். எங்கம்மாவுக்குப் பெரிய தைரியமே அதுதான்.

நேர வித்தியாசம் கோடையில பன்னெண்டரை மணி, குளிர்காலத்துல பதிமூணரை. கோடையில நம்மூர்ல ராத்திரி ஒம்பதுன்னா அங்கே காலையில எட்டரை. மாத்திரை வேளையை அதுக்குத் தகுந்த மாதிரி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க.

பச்சைக் கறிவேப்பிலை மட்டும் பையில வைக்க விடாதீங்க, அமெரிக்காவுல அதுக்குத் தடை. எங்கம்மா தோட்டத்துல ஒடிச்சு வெச்சிருந்ததைக் கிளம்பற அன்னைக்குத்தான் பார்த்து எடுத்தேன்.